சின்ன வாட்சும் அதன் காலத்துச் செயினும்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

33 மி.மீ. அகலமுள்ள 1950களின் ஸ்டீல் வாட்ச் ஒன்றில் இன்றைய கெட்டிக் கண்ணிச் செயினை மாட்டிப் பாருங்கள். வாட்சின் தலை, அதாவது செயின் இல்லாத வாட்ச், சுமார் 30 கிராம்தான் இருக்கும். செயின் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. கையைத் தொங்கவிட்டதும் கனம் முழுக்கக் கொக்கிப் பக்கம் இறங்கி, வாட்ச் மணிக்கட்டின் வெளியோரத்துக்குச் சரிந்துவிடும். அதே வாட்சில், அரிசி மணிபோன்ற சின்னக் கண்ணிகளை அடுக்கிய, அதன் காலத்து அரிசிமணிச் செயினை மாட்டினால் கதையே வேறு. ஓரக் கண்ணிகள் மெல்லிய தகட்டால் ஆனவை, உள்ளே காலி. வாட்சை ஒட்டிய பக்கம் 18 மி.மீ. அகலத்தில் தொடங்கி, கொக்கியை நெருங்கும்போது 12, 13 எனக் குறுகிவிடும். எடையும் தலைக்குச் சமமாக நிற்கும். வாட்ச் வைத்த இடத்தில் இருக்கும். சின்னப் பழைய வாட்சுகளைச் சேர்ப்பவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் வாட்சைவிடச் செயினைத் தேடி அலைவது இதனால்தான்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் கட்டிக்கொள்ள 30 முதல் 36 மி.மீ. வரையுள்ள, சாவி கொடுக்கும் ஸ்டீல் வாட்ச் தோதானது. அதற்கு அரிசிமணிச் செயின்தான் முதல் தேர்வு. அளவை அடிக்கடி கூட்டிக் குறைக்க வேண்டும் என்றால், குச்சிகளை அடுக்கிய பாய்போல இருக்கும் பாங்கிளிப் செயின். பலரும் ஒதுக்கித் தள்ளும் எலாஸ்டிக் செயின் அந்த அளவுக்கு மோசமில்லை. நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். தொய்ந்துபோன செயினை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். மிஷினுக்கு ஆயில் சர்வீஸ் உண்டு, உதிரி பாகம் உண்டு. தேய்ந்த செயினுக்கு வைத்தியம் பெரிதாக ஒன்றும் கிடையாது.

இனி வரும் பேச்சில் செயின் என்றால் உலோகப் பட்டை. காது என்றால் செயினோ தோல் பட்டையோ மாட்டுவதற்காகக் கூட்டிலிருந்து நீண்டிருக்கும் நான்கு முனைகள். கூடு என்பது வாட்சின் உடம்பு, மிஷின் என்பது உள்ளே ஓடுவது.

சின்னது என்றால் எவ்வளவு

இன்று 34 மி.மீ. வாட்சைப் பார்த்ததும் பெண்கள் வாட்சா என்று கேட்பவர்கள் உண்டு. 1930களிலிருந்து 1950கள் வரை ஆண்களின் வாட்சுக்கு அதுதான் சராசரி அளவு. 1932இல் வந்த படேக் ஃபிலிப் கலட்ராவா 96 சுமார் 31 மி.மீ.தான். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஓமேகா, லாஞ்ஜீன், ஐடபிள்யூசி, வெர்டெக்ஸ் முதலான 12 நிறுவனங்கள் செய்து கொடுத்த போர்க்கள வாட்சுகளே ஏறக்குறைய 35 முதல் 38 மி.மீ.க்குள் அடங்கிவிட்டன. அந்தக் காலத்துக்கு அவை பெரிய வாட்சுகள்.

இந்த அளவில் அழகு மட்டுமல்ல, மிஷின் சார்ந்த நியாயமும் இருக்கிறது. 1939இல் ஓமேகா கொண்டுவந்த 30 மி.மீ. மிஷின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 30டி2 என்று தொடங்கி, பிறகு 260களின் எண்களுக்கு மாறி, 1963 வரை சுமார் 30 லட்சம் மிஷின்கள் வந்தன. 34 மி.மீ. கூட்டுக்குள் 30 மி.மீ. மிஷின் என்றால் வீணான இடமே இல்லை. முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தைப் பிரிக்கும் பேலன்ஸ் வீலைப் பெரிதாக வைக்க முடிந்தது. பெரிய பேலன்ஸ் வீலுக்கு உந்தம் அதிகம். கை அசைவும் வாட்ச் சாய்ந்து கிடக்கும் நிலையும் அதன் ஓட்டத்தை அவ்வளவாகக் குலைக்காது. வானியல் ஆய்வுக்கூடங்கள் நடத்திய நேரத்துல்லியப் போட்டிகளில் இந்த மிஷின்கள் பேர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றும் ஒழுங்காகச் சர்வீஸ் செய்தால் நாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நிற்கும்.

அதற்கும் கீழே போகப் போக நிலைமை மாறும். மிஷினின் அளவைக் கடிகாரக்காரர்கள் லைன் கணக்கில் சொல்வார்கள். ஒரு லைன் 2.256 மி.மீ. பெண்களின் சிறு வாட்சுகளில் சாதாரணமான ஐந்தேகால் லைன் மிஷின் 12 மி.மீ.கூட இல்லை. அதன் பேலன்ஸ் வீல் கடுகளவு கனம். எண்ணெய் ஒரு சொட்டின் சிறு துணுக்கு கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் மாறும். நாளுக்கு ஒரு நிமிடம் முன்பின் ஓடினால் அதைக் குறையாகச் சொல்லக்கூடாது. இந்தச் சிறுமையின் எல்லை 1929இல் வந்த ஜெகர்-லெகூல்ட்ர 101. 14 மி.மீ. நீளம், 4.8 மி.மீ. அகலம், 3.4 மி.மீ. கனம், சுமார் ஒரு கிராம் எடை, அதற்குள் 98 பாகங்கள். இரண்டாம் எலிசபெத் அரசி 1953இல் முடிசூடியபோது அவர் கையில் இருந்தது இந்த மிஷின் போட்ட வாட்சுதான். இந்த வகையை நேரம் பார்ப்பதற்காக வாங்காதீர்கள். செயினும் கூடும் ஒரே நகையாகச் சேர்ந்து வரும் வேலைப்பாட்டுக்காக வாங்குங்கள்.

வாட்சில் பார்க்க வேண்டியது

டயலிலிருந்து தொடங்குங்கள். பழைய வாட்சின் மதிப்பில் பெரும்பங்கு டயலில் இருக்கிறது; மறுபடி அச்சடித்த டயல்கள் சந்தையில் நிறைய. பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் பாருங்கள். முதலில் ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி இருக்கும் ஸ்விஸ் என்ற எழுத்து. அசல் டயலில் அது சின்னதாக, ஒரே உயரத்தில், கூட்டின் உள்விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். மறுஅச்சில் அது பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பாதி விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். அடுத்து நிமிடக் கோடுகள். ஒட்டிய உலோக மணிக்குறியின் நடுமுனையும் நிமிடக் கோடும் ஒரே நேரில் இருக்கின்றனவா, அல்லது கோடு அரை கோட்டளவு தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் மணிக்குறியின் அடிப்பக்கம் மேலேறி ஒட்டியிருந்தால், குறியைக் கழற்றாமலே மேலே பூசியிருக்கிறார்கள் என்று பொருள். சிறு விநாடி வட்டத்தில் அசலாக இருந்த நுண்வளையக் கோடுகள் பெயின்டில் மூழ்கி மழுங்கியிருக்கும். கடைசியாக, பின்மூடியைத் திறக்கும் வாய்ப்புக் கிடைத்தால் டயலின் விளிம்பில் அரத்தால் ராவிய குட்டி வெட்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். அச்சடிப்பவர் டயலை நேராக வைப்பதற்காகப் போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. ஒரு குறி மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அது அசல் டயல் அல்ல.

கறை படிந்த அசல் டயல், பளபளக்கும் மறுஅச்சைவிட எப்போதும் மேல். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கூட்டின் உலோகம் அடுத்தது. பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்றோ, பிரெஞ்சில் ஃபோன் அசியே என்றோ எழுதியிருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல். மற்ற பாகம் பித்தளைமேல் குரோம் அல்லது தங்க முலாம். வியர்வை முதலில் காதுகளின் உள்பக்கத்தையும், மணிக்கட்டைத் தொடும் கீழ் விளிம்பையும் தின்னும். அங்கே மஞ்சள் எட்டிப் பார்த்தாலோ, பச்சைக் களிம்பு இருந்தாலோ, சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருந்தாலோ முலாம் போய்விட்டது. மறுமுலாம் போட வேண்டுமென்றால் பள்ளத்தை ராவ வேண்டும். ராவினால் கூட்டின் கூர்மையான முனைகள் போய்விடும். 1930களின் கூடுகளில் ஸ்டேபிரைட் என்ற பெயர் இருந்தால் நல்லது; அது அந்தக் காலத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வணிகப்பெயர், கூடு முழுக்க அதனால் ஆனது. தங்கத்தில் 375 என்றால் 9 காரட், 585 என்றால் 14, 750 என்றால் 18. 1/20 10கே ஜிஎஃப் (கோல்ட் ஃபில்ட்) என்று இருந்தால் உலோக எடையில் இருபதில் ஒரு பங்கு 10 காரட் தங்கத் தகடு. 20 மைக்ரான் என்று இருந்தால் முலாம்.

மிஷினுக்கு நேரம்பார்க்கும் கருவியில், அதாவது துடிப்பைக் கேட்டு ஓட்டத்தைக் காட்டும் கருவியில், வைத்த கணக்கைக் கேளுங்கள். மணிக்கு 18,000 துடிப்பு உள்ள மிஷின் முழுச் சாவியில், டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போது, பேலன்ஸ் வீல் 260 முதல் 300 டிகிரி வரை வீச வேண்டும். நிமிர்த்தி வைத்தால் முப்பது நாற்பது டிகிரி குறைவது இயல்பு. 220க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது பழைய நீலநிற மெயின் ஸ்பிரிங் வலு இழந்து சுருண்டிருக்கும். அந்தந்த மிஷினுக்குரிய லிஃப்ட் கோணத்தை (ஒவ்வொரு துடிப்பிலும் உந்துதல் கிடைக்கும்போது பேலன்ஸ் வீல் திரும்பும் கோணம்) கருவியில் சரியாக வைக்காவிட்டால் இந்த எண்களுக்கு அர்த்தமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1934இல் வந்த இன்காபிளாக் போன்ற அதிர்ச்சித் தாங்கி இருந்தால் கூடுதல் நிம்மதி. பேலன்ஸ் வீலின் நடுக்கல்லைப் பிடித்திருக்கும் யாழ் வடிவ ஸ்பிரிங்கைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். அது இல்லாத வாட்ச் ஒருமுறை தரையில் விழுந்தாலே அச்சு ஒடிய வாய்ப்பு உண்டு.

இருட்டில் ஒளிரும் முள் உள்ள 1950கள் வரையிலான வாட்சுகளில் ரேடியம் இருக்கலாம். ஒளிரும் பொருள் எரிந்து வெளிச்சம் நின்றுவிட்டாலும் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுரண்டவோ, கண்ணாடியைக் கழற்றி ஊதவோ கூடாது. உதிர்ந்த பொடி மூச்சில் போவதுதான் ஆபத்து. டயலின் கீழே ஸ்விஸ் என்ற எழுத்தின் இருபுறமும் டி என்று இருந்தால் அது டிரிட்டியம். அரை ஆயுள் 12.3 ஆண்டு, 1960களின் டயலில் இப்போது சொற்பம்தான் மிஞ்சியிருக்கும்.

செயின்கள், ஒவ்வொன்றாக

அரிசிமணிச் செயின். இருபுறமும் சற்றுப் பெரிய ஓரக் கண்ணிகள், நடுவில் அரிசி மணிகளை நெருக்கி அடுக்கியதுபோல் மூன்று, ஐந்து அல்லது ஏழு வரிசை. இந்த வகையில் பெயர்பெற்றவர்கள் ஜெனிவாவின் கே ஃப்ரேர். 1835இல் சங்கிலி செய்பவர்களாகத் தொடங்கி, படேக், ரோலெக்ஸ், ஹாயர், ஜெனித் என்று பலருக்கும் செயின் செய்து கொடுத்தவர்கள். 1998இல் ரோலெக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. கொக்கியின் உள்பக்கத்தைத் திறந்தால் அவர்களது முத்திரையும், பக்கத்தில் 3 66 போல இரண்டு எண்களும் இருக்கும். 1966ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு என்று படிக்க வேண்டும். ரோலெக்ஸ் கொக்கிகளிலும் 1970களின் நடுப்பகுதி வரை இதே முறைதான்.

இந்தச் செயினின் சுகம் அதன் வளைவில் இருக்கிறது. ஒவ்வொரு மணியும் தனியாக அசைவதால் துணிபோல் மணிக்கட்டில் படியும். இறுக்காது, முடியைப் பிடுங்காது, வெளிச்சத்தில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே மின்னும். சின்ன டயலுக்குப் பக்கத்தில் சின்ன மணிகள். பெரிய கண்ணிச் செயின் பக்கத்தில் வந்தால் டயல் இன்னும் சுருங்கிப்போகும். அரிசிமணி அப்படிச் செய்வதில்லை.

இதன் பலவீனமும் அந்த அசைவிலேதான். மணிகளுக்கு நடுவே குறுக்காக ஓடும் கம்பியும் மணியின் துளையும் நாள்முழுக்க ஒன்றையொன்று உரசுகின்றன. வியர்வை, தோல் துகள், தூசு, உலோகப் பொடி எல்லாம் சேர்ந்து கரும்பசையாகத் துளைக்குள் தங்கி உப்புத்தாள் வேலை செய்கிறது. கம்பி மெலியும், துளை நீள்வட்டமாகும், செயின் தொய்யும். வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள்: செயினின் ஒரு முனையை இரு விரலால் பிடித்து, கண்ணிகளின் ஓரம் தரையைப் பார்க்கும்படி படுக்கையாக நீட்டுங்கள். புதிய செயின் லேசாக மட்டும் வளையும். தேய்ந்தது வாடிய கொடிபோல் தொங்கிவிடும். எல்லாச் செயினும் சிறிது வளையும் என்பதால் கண்ணளவை மட்டும் நம்பாமல் அளந்தும் பாருங்கள். ஒரு பக்கத் துண்டை மேசையில் வைத்துக் கண்ணிகளை நெருக்கித் தள்ளி வெர்னியர் அளவுகோலால் அளவெடுங்கள். பிறகு மெதுவாக இழுத்து நீட்டி மறுபடி அளவெடுங்கள். 65 மி.மீ. துண்டில் ஒரு மி.மீ. கூடினால் நல்ல செயின், இரண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றைத் தாண்டினால் வேண்டாம். தொய்வு பெரும்பாலும் காதை ஒட்டிய முதல் நான்கைந்து கண்ணிகளிலும் கொக்கியருகிலும் கூடுதலாக இருக்கும், அங்கேதான் வளைவு அதிகம். கம்பியை மாற்றித் துளைக்குள் புஷ் எனும் சிறு உள்குழல் போட்டுச் சரிசெய்பவர்கள் உண்டு. ஆனால் அது ஒவ்வொரு கண்ணிக்குமான நகை வேலை. செலவு செயினின் விலையைத் தொட்டுவிடும்.

மடித்த தகட்டுச் செயின், ரிவெட் செயின். 1950களிலும் 60களிலும் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் வாட்சுகளோடு வந்த, பக்கவாட்டில் ரிவெட் தலைகள் தெரியும் செயின் இந்த வகையின் முகம். 34 மி.மீ. வாட்சின் 19 மி.மீ. காதுக்கு 7205 என்ற எண். கண்ணிகள் மெல்லிய தகட்டை மடித்தவை, உள்ளே காலி. இதனால்தான் எடை குறைவு. இதனால்தான் மேசை முனையில் இடித்தால் நசுங்கவும் செய்யும். நசுங்கியதை வெளியிலிருந்து நிமிர்த்த முடியாது. மடிப்பு ஓரங்களில் முடியளவு விரிசல் வரும், லென்ஸ் இல்லாமல் தெரியாது. போலிகள் இந்த வகையில்தான் அதிகம். கண்ணி கெட்டியாக இருந்து ரிவெட் தலை வெறும் அலங்காரமாக ஒட்டியிருந்தால் அது பின்னாளில் செய்தது. கொக்கி முத்திரை அழுத்தி அடித்ததா, மேலோட்டமாகச் சுட்டதா என்றும் பாருங்கள்; அழுத்தி அடித்த எழுத்தின் அடித்தளம் வழவழப்பாக, ஓரம் லேசாக மேடிட்டு இருக்கும். அறுபது வருடம் பழகிய கொக்கியில் எழுத்து மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். 1945இல் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் வாட்சோடு பிறந்த ஐந்து வரிசை ஜூபிலி செயின் அரிசிமணிக்கும் இதற்கும் நடுவில் நிற்கிறது. வளைவு நன்று, தொய்வும் அதே அளவு சீக்கிரம்.

பாங்கிளிப். மூங்கில் குச்சிகளை அடுக்கிக் கட்டிய பாயைப்போல இருக்கும். 1930களில் பிரிட்டனில் பரவியது. பிரிட்டிஷ் விமானப்படைக்காக 1948இல் உருவான 36 மி.மீ. மார்க் 11 வாட்சுகளை இந்த வகைச் செயினோடுதான் கொடுத்தார்கள். ஒரு முனையிலுள்ள கொக்கி எந்தக் குச்சியிலும் மாட்டிக்கொள்ளும். மிஞ்சும் வால் உள்பக்கம் மடங்கிப் போய்விடும். கண்ணி கழற்ற வேண்டாம், கருவி வேண்டாம். வெயில் நேரத்தில் கை வீங்கினால் ஒரு குச்சி தள்ளி மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் வேலை. எளிமையும் உழைப்பும் ஒருசேர உள்ள செயின் இதைப்போல் வேறில்லை. குறை என்றால், மடங்கிய வால் ஒல்லியான மணிக்கட்டில் உறுத்தும், கொக்கியின் வாய் தேய்ந்துவிட்டால் திடீரென அவிழும். வாங்குமுன் கொக்கியை நடுக் குச்சியில் மாட்டிப் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள். நழுவினால் விட்டுவிடுங்கள், அந்தக் கொக்கியை வளைத்துச் சரிசெய்தாலும் சில மாதத்தில் மறுபடி வாய் திறக்கும்.

எலாஸ்டிக் செயின். ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைமைச் சேர்ந்த ரோடி அண்ட் வீனன்பெர்கரின் ஃபிக்ஸோஃப்ளெக்ஸும், அந்த அமைப்பைக் கொண்டு அமெரிக்காவில் ஸ்பீடல் 1959இல் இறக்கிய ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸும்தான் இதன் முன்மாதிரிகள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, பாதிப் பாதி தள்ளி நிற்கும் சின்னக் கூடுகள் (இங்கே கூடு என்பது வாட்சின் உடம்பு அல்ல, செயினின் குட்டிப் பெட்டி). அவற்றை இணைப்பது வளைந்த கொண்டிகள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு மெல்லிய இலை ஸ்பிரிங். நல்ல செயினை முழுக்க இழுத்துவிட்டால் ஒரே வீச்சில் சேர்ந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியாது. இரண்டு மூன்று கூடு மட்டும் வாய் பிளந்து நின்றால் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து வலு போய்விட்டது. முடியைப் பிடுங்குவதும் அந்த இடைவெளிதான், செயின் வகையின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

நீளம் குறைக்க, உள்பக்க விளிம்பின் மடல்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, கூடுகளைப் பக்கவாட்டில் நழுவவிட்டு எடுக்க வேண்டும். மேல் வரிசையில் எத்தனை எடுக்கிறோமோ கீழ் வரிசையிலும் அத்தனை எடுத்தால்தான் கொண்டிகள் மறுபடி நேராக விழும். மடலை 45 டிகிரிக்கு மேல் நிமிர்த்தாதீர்கள். இரண்டு முறைக்குமேல் திறந்து மூடினால் உலோகம் இறுகி ஒடியும்.

பின்னல் செயின். மெல்லிய கம்பிச் சுருள்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து அழுத்திய மிலனீஸும், ஜேபி சாம்பியன் போன்ற அமெரிக்க வகைகளும் இதில் அடங்கும். ஜேபி சாம்பியன் பின்னலைத்தான் அப்போலோ விண்வெளி வீரர்களில் சிலர் தங்கள் ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்சில் மாட்டிக்கொண்டார்கள். அது 42 மி.மீ. வாட்ச், என்றாலும் அதே பின்னல் 16, 17 மி.மீ. அகலத்தில் சின்ன வாட்சுக்கு இன்னும் அழகாக அமைகிறது. எச்சரிக்கை ஒன்றுதான்: பின்னலை வெட்டித்தான் சின்னதாக்க முடியும், வெட்டியதை நீட்ட முடியாது. பழைய பின்னல் செயின்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் மணிக்கட்டுக்கு ஏற்கெனவே வெட்டப்பட்டவை. நீளத்தைக் கேட்காமல் வாங்குவது வீண்.

மாட்டும்போது

காதுகளுக்கு நடுவிலான அகலத்தை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அளவெடுங்கள். சின்ன வாட்சில் 16, 17, 18 மி.மீ. சகஜம், 17.4 போன்ற இடைப்பட்ட அளவு வந்தால் சிறிய அளவுச் செயினை வாங்குங்கள், பெரியதை ராவிப் பொருத்தாதீர்கள். காதுகளுக்கு நடுவே செயினைத் தாங்கும் குட்டிக் கம்பியான ஸ்பிரிங் பாரின் தடிமன் 1.5 மி.மீ. போதும், பழைய செயினின் முனைக்குழல் வழியாக 1.8 மி.மீ. பார் பெரும்பாலும் நுழையாது, தட்டி ஏற்றினால் குழல் பிளக்கும். பழைய ஸ்பிரிங் பாரை மறுபடி பயன்படுத்த வேண்டாம். இருபது வருடத் துருவை நம்பி வாட்சை விட்டுவிடக் கூடாது.

கூட்டின் வளைவோடு ஒட்டி நிற்கும் முனைக்கண்ணி இருக்கும் செயினில், அந்தக் கண்ணியின் உள்பக்கம் அடித்த எண்ணைப் பாருங்கள். செயினுக்கு ஓர் எண், முனைக்கண்ணிக்கு வேறு எண். முனைக்கண்ணி தவறாக இருந்தால் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு ஆடிக்கொண்டே இருக்கும், ஆடுவது காதை அரிக்கும். அமெரிக்கச் செயின்கள் பலவற்றில் முனை உள்ளே வெளியே நகர்ந்து 16 முதல் 19 மி.மீ. வரை எந்தக் காதுக்கும் பொருந்தும். வசதிதான், ஆனால் அந்த நகரும் தகடு காதின் உள்பக்கத்தில் கோடு கிழிக்கும். மாட்டும்போதும் கழற்றும்போதும் காதுகளின்மேல் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள்.

நீளம் சரிசெய்வதைக் கொக்கியின் பக்கத்துளைகளில் தொடங்குங்கள். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து துளை இருக்கும், அதிலேயே ஒரு சென்டிமீட்டர் கிடைத்துவிடும். அது போதவில்லை என்றால்தான் கண்ணி. அம்புக்குறி காட்டும் திசையில் பின்னைத் தள்ளுங்கள், எதிர்ப்பக்கம் தள்ளினால் பின் அகலமாகி அடைத்துக்கொள்ளும். ஆறு மணிப் பக்கத்தில் கூடுதலாக எடுத்தால் கொக்கி மணிக்கட்டின் நடு அடியில் வரும்.

கழுவுவதும் வைப்பதும்

வாட்சிலிருந்து செயினைக் கழற்றிவிட்டுத்தான் கழுவ வேண்டும். 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவம் விட்டு ஸ்டீல் செயினைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். மென்மையான பல்துலக்கியால் உள்பக்கத்தைத் தேய்த்து, கண்ணிகளை அசைத்து அசைத்து அலசுங்கள். முதல் தண்ணீர் கறுப்பாக வரும். தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். கடைசியில் ஐசோபிரபைல் ஆல்கஹாலில் முக்கி எடுத்தால் துளைக்குள் தங்கிய நீர் வெளியேறும். பிறகு துணியில் சுருட்டி, ஒரு இரவு விரித்து வைக்க வேண்டும். கழுவிய பிறகு சில செயின்கள் முன்னைவிட அதிகமாகத் தொங்கும். அது கழுவியதால் வந்த தேய்மானம் அல்ல, அழுக்கு இறுக்கிப் பிடித்திருந்ததை விட்டுவிட்டது. அதனால்தான் விற்பவரிடம் செயினைக் கழுவிய பிறகு எடுத்த படத்தைக் கேட்கச் சொல்கிறோம்.

எலாஸ்டிக் செயினை ஊறவைக்கவே கூடாது; உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, பல்துலக்கியால் உலர்வாகத் தேய்த்தால் போதும். அந்த ஸ்பிரிங்குகள் காந்தத்தையும் பிடித்துக்கொள்ளும். சர்வீஸ் முடிந்த வாட்ச் காரணமில்லாமல் நாளுக்கு ஓரிரு நிமிடம் முந்தினால் திசைகாட்டியைச் செயினருகே கொண்டுபோய்ப் பாருங்கள். முள் துள்ளினால், காந்தம் நீக்கும் கருவியில் வாட்சோடு செயினையும் சேர்த்து வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக முக்கால் மீட்டர் தூரம் விலக்கிவிட்டுப் பொத்தானை விடுங்கள். வாட்சை மட்டும் சரிசெய்தால் செயின் மறுநாளே அதைக் கெடுத்துவிடும்.

செயினைப் பாலிஷ் பிடிக்கக் கொடுக்காதீர்கள். மெல்லிய தகட்டில் இருப்பதே அரை மி.மீ.க்கும் குறைவு, ஒரு பாலிஷில் ஓரங்கள் மழுங்கும், இரண்டில் முத்திரை மறையும். கண்ணாடிக் கீறலுக்கு மட்டும் பிளாஸ்டிக் பாலிஷ் பசை போதும், பழைய கண்ணாடிகள் அக்ரிலிக் என்பதால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

காலப் பொருத்தத்தில் அதிகமாகக் கறாராக இருக்க வேண்டாம். செயினின் தேதி வாட்சின் தேதியிலிருந்து இரண்டு மூன்று வருடம் தள்ளியிருந்தால் அது அந்தக் காலத்துச் செயின்தான். அமெரிக்காவுக்குப் போன ஸ்விஸ் மிஷின்கள் பலவற்றுக்கு அங்கேயேதான் கூடு செய்தார்கள், செயினையும் அங்கேயே மாட்டினார்கள். ஆகவே ஸ்விஸ் டயலும் ஜேபி சாம்பியன் செயினும் சேர்ந்து வந்தால் யாரோ கலந்துவிட்டார்கள் என்று தள்ளிவிடாதீர்கள்.

கழற்றிய கண்ணிகளையும் பின்களையும் ஒரு சின்னப் பையில் போட்டு, செயினின் எண்ணும் தேதியும் எழுதி வாட்சோடு வையுங்கள். இன்று 15 செ.மீ. மணிக்கட்டுக்கு மட்டும் பொருந்தும் நிலையில் கிடைக்கும் நல்ல செயின்கள் பலவும், முன்பு யாரோ மூன்று கண்ணியை எடுத்துத் தூக்கிப் போட்டதால் அப்படி ஆனவை. அந்த மூன்று கண்ணியை இப்போது தனியாகத் தேடி வாங்குவது, செயினையே வாங்குவதைவிடச் சிரமம்.